காட்டோவுக்கு எதிராக என் அக்கா

பிப்ரவரி 4, 1986. ரோக்காலூபா

இந்த நோட்டில் இன்றுமுதல் நான் எழுதப்போவதை ஒரு மனிதப் பிறவியும் நம்பாது. சதுக்கத்தில் மூக்கில்லாமல் நிற்கிறதே காட்டோவின் மார்பளவுச் சிலை, அதன் மேல் ஆணை. அத்தனையும் நடந்தவை, நடக்கிறவை, நடக்கப்போகிறவை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். படிக்கப்போவது நான் ஒருவன்தான். நானே எழுந்து போய்விடுவேனோ என்பதுதான் பயம்.

முதலில் நான் யார் என்பது பதிவாகட்டும். அமில்காரே ஸ்பாக்கியா, நாவலாசிரியன், அறுபத்தொன்பது வயது. நான் எழுதிய நாவல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எங்கள் ஊர் மணிக்கூண்டு வெட்கப்பட்டுக் குந்திவிடும். இப்போது எழுதுவது நாவல் இல்லை. ரோமாபுரியின் மாபெரும் அரசியல்வாதி, ஒழுக்கத்தின் காவல்நாய், முட்டைக்கோசின் முதல் காதலர், காட்டோவின் வாழ்க்கை வரலாறு. ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த மலைச்சரிவில்தான் பிறந்தார். செனட்டில் எதைப் பற்றிப் பேச எழுந்தாலும் "கார்த்தேஜ் அழிக்கப்பட வேண்டும்" என்று சொல்லாமல் உட்கார மாட்டார். கடைசியில் அந்த எதிரி நகரத்தை அழித்தும் விட்டார்கள். அப்பேர்ப்பட்ட வாய்.

இதில் ஒரு சின்னத் தர்மசங்கடம். என் அப்பா முடிதிருத்துபவர். பாதிரிமாரையும் பிடிக்காது, ரோமாபுரியையும் பிடிக்காது. பெற்ற பிள்ளைகளுக்கு ரோமாபுரியின் எதிரிகளாகத் தேடித் தேடிப் பெயர் வைத்தார். அமில்காரே என்பது கார்த்தேஜ் தளபதியின் பெயர். என் அக்கா சோஃபோனிஸ்பாவின் பெயர் கார்த்தேஜ் இளவரசியுடையது. ஆகவே கார்த்தேஜ்காரன் ஒருவன் சொல்லச் சொல்ல, கார்த்தேஜ்காரி ஒருத்தி தட்டச்சு செய்து, காட்டோவின் புகழ் தயாராகிறது. அப்பா இருந்திருந்தால் சவரக்கத்தியோடு இருவரையும் சதுக்கம் முழுக்கத் துரத்தியிருப்பார்.

அக்காவை ஊரில் எல்லோரும் நிஸ்பா என்பார்கள். ரயில்வே அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். தொழிற்சங்கத்தில் குரல் உயர்த்தினால் வண்டிகள் நிற்கும். கணவர் போனபிறகு என் வீட்டுக்கு வந்தாள். அதன்பின் என் புத்தகம் ஒவ்வொன்றும் அவள் விரல் வழியாகத்தான் உலகத்துக்குப் போயிருக்கிறது.

இன்று ஏழாம் அத்தியாயம் தொடங்கினோம். மூன்றாவது வரியிலேயே கேட்டாள்: "இந்த ஆளுக்கு ஒரு குறையும் கிடையாதாடா?"

பிப்ரவரி 7

காட்டோ மகானே, இவளிடமிருந்து என்னைக் காப்பாற்று.

பிப்ரவரி 11

இடி இடித்தால் ஒழிய காட்டோ தன் மனைவியைத் தழுவியதில்லையாம். எப்பேர்ப்பட்ட கட்டுப்பாடு! இதற்கு நான் ஒரு பக்கம் முழுக்கப் புகழ்மாலை சாத்தினேன். நிஸ்பா தட்டச்சை நிறுத்தினாள்.

"அந்தப் பொம்பளை மழைக்காலத்துக்காகக் காத்துக் கிடந்தாளா?"

"அக்கா, இது ஒழுக்கம்."

"வானிலை அறிக்கைடா இது."

இப்படி இருந்தால் அத்தியாயம் எப்படி நகரும்? வேறொன்றும் உண்டு, அதை இங்கே மட்டும் எழுதுகிறேன். அவள் கை நடுங்குகிறது. ஒரே எழுத்து மூன்று தடவை விழுகிறது, சில வரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிடுகிறது. அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. வீட்டில் யானை புகுந்தால்கூட "காற்றாக இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சூப் குடிக்கிற குடும்பம் எங்களுடையது.

பிப்ரவரி 14

ரோமிலிருந்து பதிப்பாசிரியை லன்ஃப்ராங்கி தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் தேன், சொல்லில் கடப்பாரை.

"சார், ஆறு அத்தியாயமும் வந்தது. அச்சுக் கோக்கிறவர் கண்ணாடி மாத்தப் போயிட்டார். எங்ககிட்ட ஒரு சின்னப் பொண்ணு இருக்கா, கம்ப்யூட்டர்ல அடிப்பா. நீங்க ஒலிநாடாவில பேசி அனுப்பினா போதும். உங்க அக்காவுக்கும் ஓய்வு கிடைக்கும்."

சரி என்றேன். சரி என்றதோடு நிறுத்தினேனா? லாதிஸ்போலியில் சித்தி மகள் எர்சிலியா கடற்கரைப் பக்கம் தனியாக இருக்கிறாள். அவளுக்கும் கூப்பிட்டு, வசந்தம் வந்ததும் நிஸ்பாவை அனுப்புகிறேன், உப்புக்காற்று கைக்கு நல்லது என்று பேசி முடித்துவிட்டேன். அதை லன்ஃப்ராங்கியிடமும் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

நிஸ்பாவிடம்தான் சொல்லவில்லை. நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும். எந்த நேரம்? கார்த்தேஜின் ஹனிபால் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டியதே இதைவிடச் சுலபம்.

பிப்ரவரி 19

பிரளயம். எரிமலை. ரோமாபுரி தீப்பற்றியது. எதுவும் இதற்கு ஈடில்லை.

காலையில் பண்ணை அத்தியாயம். பண்ணையை எப்படி நடத்த வேண்டும் என்று காட்டோ எழுதி வைத்திருக்கிறார். வயதான மாட்டை விற்றுவிடு. பழைய வண்டியை விற்றுவிடு. வயதான அடிமையை, நோயாளி அடிமையை விற்றுவிடு. இதை விழுங்கிவிட்டுப் போகலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் வாசகனுக்குத் தெரிந்த விஷயம். அதனால் ஒரு மெத்தை போட்டுச் சொன்னேன்: "இதில் கொடுமை காண்பவர் அக்காலத்தை அறியாதவர். சிக்கனம் அவரிடம் ஒரு தவமாகவே விளங்கியது."

தட்டச்சு ஓசை நின்றது.

"திரும்பச் சொல்லு."

சொன்னேன்.

"வயசாயிடுச்சுன்னா வித்துடறதா?"

"அந்தக் காலத்துல எல்லாரும்..."

"எல்லாரும் செஞ்சாங்கன்னா இவரைப் பத்தி எதுக்குடா தனியா புத்தகம்?"

பதில் தயாராகத்தான் இருந்தது, சரித்திரமே எழுந்து நின்று கைதட்டும்படியான பதில். அப்போது பார்த்துத் தொலைபேசி அடித்தது. கிட்டத்தில் இருந்தவள் அவள். எடுத்தாள். கேட்டுக்கொண்டே நின்றாள். "ரொம்ப நன்றிம்மா" என்று மட்டும் சொன்னாள். வைத்தாள்.

"யாருக்கா?"

"உன் பதிப்பாசிரியை. என் ஓய்வுக்கு வாழ்த்துச் சொன்னா. கடல் காத்து கைக்கு நல்லதாம்."

இயந்திரத்தில் பாதி அடித்திருந்த தாளை அப்படியே விட்டுவிட்டு, அதன் மூடியை எடுத்துப் பொருத்தினாள். இரண்டு தடவை நழுவியது. உதவ எழுந்தேன். ஒரு பார்வை பார்த்தாள். உட்கார்ந்துவிட்டேன்.

ஐயோ, நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? அவள் நல்லதுக்குத்தானே? இல்லை, அப்படி என்னதான் செய்தேன்?

பிப்ரவரி 20

சமையலறைக் கதவில் தாள் ஒட்டியிருக்கிறது. "இன்றுமுதல் காலவரையற்ற வேலைநிறுத்தம். தட்டச்சு, சமையல், துணி துவைத்தல், சட்டைப் பொத்தான் அனைத்தும் நிறுத்தம். சட்டப்படியான குறைந்தபட்சச் சேவை: காலையில் ஒரு காபி, சர்க்கரை இல்லாமல். கோரிக்கை ஒன்று: வயதானவர்களை விற்பது தவறு என்று புத்தகத்தில் எழுத வேண்டும். கோரிக்கை இரண்டு: என் இருப்பிடத்தை நானே முடிவு செய்வேன். மார்ச் ஐந்துக்குள் நிறைவேறாவிட்டால் விற்கப்பட்டவள் தானாகவே கிளம்பிப் போவாள்."

கையெழுத்துக்குக் கீழே பழைய சங்க முத்திரை வேறு! ஓய்வுபெறும்போது அதைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டாமா?

பிப்ரவரி 23

முட்டைக்கோசு வேகவைத்தேன். காட்டோ இது சகல நோய்க்கும் மருந்து என்கிறார். வயிற்று வலிக்கு, தலைவலிக்கு, தீராத புண்ணுக்கு. அடிப்பிடித்த முட்டைக்கோசைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை. பக்கத்துத் தெருவில் ஜன்னல்களைச் சாத்தினார்கள்.

நிஸ்பா அவள் அறையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிடுகிறாள். கதவுக்கு அடியில் வாசனை வருகிறது. இது போர்முறைக்கே விரோதம்.

பிப்ரவரி 26

கீழே காபி பார் வைத்திருக்கும் நத்ஸரேனோவை நடுவராக வைத்து, அவர் பாரிலேயே நிஸ்பாவோடு பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தேன். அவரும் ரயில்வேக்காரர், நிஸ்பாவின் சங்கத்தில் கொடி பிடித்தவர். நடுவர் எந்தப் பக்கம் என்று நான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும்.

"வாத்தியாரே, ஒரு வரிதானே? எழுதிட்டுப் போங்களேன்."

"ஒரு வரி இல்லை நத்ஸரேனோ. மகானுடைய சிலையில் சுத்தியலால் ஒரு அடி."

"சிலைக்குத்தான் ஏற்கெனவே மூக்கில்லையே."

அந்த நேரம் பார்த்து நகரசபை உறுப்பினர் போம்பிலி உள்ளே வந்தான். நவம்பரில் நடக்கும் முட்டைக்கோசுத் திருவிழா அவன் பொறுப்பு. இந்த வருஷம் வெளியூர் விருந்தாளி ஒவ்வொருவர் கையிலும் என் புத்தகத்தைக் கொடுக்கப்போகிறார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் காட்டோ தங்கள் தோட்டத்தில் பிறந்தார் என்று கிளப்பியிருக்கிறார்கள், அவர்கள் வாயை அடைக்க.

"மாமா, நம்ம காட்டோ மேல ஒரு கீறல் விழக்கூடாது. பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான்."

"பாத்தியா?" என்றேன் நிஸ்பாவைப் பார்த்து.

"போம்பிலி, உங்கம்மாவுக்கு என்ன வயசு?" என்றாள் அவள்.

"எண்பது."

"வித்துடு."

பேச்சுவார்த்தை முறிந்தது. நத்ஸரேனோ எனக்கு மட்டும் காபிக்குக் காசு வாங்கினார்.

மார்ச் 3

நாளை ரோம் போகிறேன், லன்ஃப்ராங்கியைப் பார்க்க. நிஸ்பா காலையிலேயே அச்சகத்துக்குப் போய்விட்டு வந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "போராட்டம் அடுத்த கட்டத்துக்குப் போகுது" என்றாள். என்ன செய்துவிடுவாள்?

மார்ச் 4

இன்று நான் இறந்துபோனேன்.

நிதானமாக எழுதுகிறேன். வயிறு கனத்துக் கிடக்கிறது. காரணம் பின்னால் வரும்.

மாலைப் பேருந்தில் திரும்பி, ஊரின் கீழ்வாசலில் இறங்கினேன். மதில் சுவரில் புதிதாக ஒரு சுவரொட்டி. எங்கள் ஊரில் யாராவது இறந்தால் கறுப்புக் கரை போட்ட தாளில் பெயரைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டுவார்கள். கறுப்புக் கரையைக் கண்டால் கை தானாகத் தொப்பிக்குப் போகும், பெயரைப் படித்துவிட்டு "பாவம்" என்று நகர்ந்துவிடுவோம். பெயருக்குக் கீழே இருப்பதை எங்கள் ஊரில் யாரும் படித்ததாகச் சரித்திரம் இல்லை. எப்போதும் ஒரே வாசகம்தானே?

பெயர்: அமில்காரே ஸ்பாக்கியா. ரதத்தின் சக்கரம் அளவு எழுத்து.

நான் தொப்பியைக் கழற்றினேன். "பாவம்" என்றும் சொல்லிவிட்டேன். மதில் சாட்சி.

பிறகுதான் கீழே உள்ளதைப் படித்தேன். அதைப் படித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். "...இவருடைய வீட்டில், ஓயாமல் உழைத்த பின், அக்கா சோஃபோனிஸ்பா வேலையை நிறுத்திவிட்டார் என்பதை ஊராருக்கு அறிவிக்கிறோம்." வேலைநிறுத்த அறிவிப்பு! அச்சகத்தில் வெள்ளைத் தாள் தீர்ந்து, இருந்த தாளில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இருந்ததோ கறுப்புக் கரைத் தாள். ஊர் முழுக்க ஒட்டியாயிற்று.

வெறி பிடித்து மலையேறினேன். எங்கள் வீட்டு முன்வாசலில் கூட்டம். கூட்டமா அது? ஜூலியஸ் சீசருக்கே அவ்வளவு பேர் வந்திருக்க மாட்டார்கள். ஆளுயர மலர்வளையம், கறுப்புக் குதிரை பூட்டிய வண்டி, முக்காடிட்ட பெண்களின் கடல். நான் கொல்லை வழியாகச் சமையலறைக்குள் புகுந்தேன்.

அங்கே மேசை நிறைய பாத்திரம். துக்க வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்களே, அக்கம்பக்கத்தார் கொண்டு வந்து கொடுத்திருக்கிறார்கள். கோழிச் சாறு. அடைத்த பாஸ்தா. ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும். இரண்டு வாரமாகக் கருகிய முட்டைக்கோசு தின்றவன் நான். என் சொந்தச் சாவு விருந்தில் எனக்குப் பங்கில்லையா? கரண்டியை எடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே கதவிடுக்கில் காது வைத்தேன்.

நிஸ்பா கூடத்து நாற்காலியில். "அவன் சாகலைங்க, ரோமுக்குப் போயிருக்கான்" என்று அவள் சொல்ல, ஒருத்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "நம்ப முடியல இல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, எங்க வீட்டுக்காரர் போனப்போ" என்றாள். நிஸ்பாவின் பேச்சு செல்லாமல் போனதை என் வாழ்நாளில் முதல் தடவை பார்த்தேன்.

அப்புறம் போம்பிலி பேச எழுந்தான். நான் நல்லவனாம். எளிமையானவனாம். வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லையாம்! (பாஸ்தா தொண்டையில் நின்றது.) ஏழைகள் என் வாசலில் பசியோடு திரும்பியதில்லையாம். என்ன அழகான பேச்சு. கேட்கக் கேட்க, யாரோ ஒரு பெரிய மனிதர் போய்விட்டார் என்று எனக்கே துக்கம் பொங்கியது. கடைசியில் கையை உயர்த்தி முழங்கினான்:

"சொந்த அக்காவை ராணி மாதிரி வச்சிருந்தார்!"

"நிறுத்துடா."

நிஸ்பா எழுந்தாள். அவள் பேசியதைத் திரும்ப எழுதப் பார்க்கிறேன்.

"யாருடா ராணி? அவனுக்கு ஒரு காபி போடத் தெரியாது. வாயைத் திறந்தா அளப்பு. கசாப்புக் கடையில கறி கேக்கறதுக்குக்கூடக் கதை விடுவான். என்னை ஒரு வார்த்தை கேக்காம என்னைக் கடற்கரைக்கு அனுப்ப ஏற்பாடு பண்ணிட்டான், பழைய வண்டியை அனுப்பற மாதிரி. என் கை நடுங்குறது அவனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிச்சான். அது அன்புன்னு நெனச்சேன். சோம்பேறித்தனம்."

யாரோ "இப்பப் போய் இதெல்லாம்..." என்றார்கள்.

"இப்பத்தான் சொல்லணும். என் புருஷன் செத்த வருஷம் நான் யார்கிட்டயும் பேசல. இவன் தெனம் சாயங்காலம் வந்து உக்காந்து பொய்க் கதை சொல்லுவான். நான் சிரிக்கிற வரைக்கும் போக மாட்டான். அதையும் சொல்லுங்க. ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க. போம்பிலி, நீ இவ்வளவு நேரம் பேசினது என் தம்பியைப் பத்தி இல்ல. வேற எவனோ ஒருத்தன் செத்திருக்கான், அவன் வீட்டுக்குப் போய் அழு."

என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. கதவு திறந்தது. நான் மாரில் துணியைக் கட்டிக்கொண்டு, வாய் நிறைய ஆட்டுக்கறியோடு நின்றேன்.

மூன்று பேர் மயங்கினார்கள். ஒருவர் சிலுவை இட்டபடி ஜன்னல் வழியே போனார். போம்பிலிக்குத்தான் கோபம்.

"மாமா! உயிரோட இருக்கறதா இருந்தா முன்னாடியே சொல்லியிருக்கணும்! நகரசபைச் செலவுல மலர்வளையம்!"

கூட்டம் கலைந்தபோது தங்கள் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கோழிச் சாறு உட்பட.

மார்ச் 5

கெடு முடிந்தது. நிஸ்பா பெட்டியோடு கூடத்தில் நின்றாள்.

"நேத்து அவ்வளவு பேசினியே அக்கா. கடைசியில பாராட்டியும் பேசினே. இப்ப எதுக்குப் போறே?"

"நேத்து நீ செத்திருந்தே. இன்னைக்கு உயிரோட இருக்கே. அந்த வரி எழுதிட்டியா?"

எழுதவில்லை. பேருந்து வந்தது. லாதிஸ்போலிக்கே, எர்சிலியா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 6

காபி இல்லை. குறைந்தபட்சச் சேவையும் நின்றது.

மார்ச் 9

ஒலிநாடாவில் பேசிப் பார்த்தேன். காட்டோவின் பெருமைகளை வரிசையாக, ராகத்தோடு. திரும்பப் போட்டுக் கேட்டேன்.

போம்பிலி பேசுகிறான். குரல் மட்டும்தான் என்னுடையது.

மார்ச் 12

நேற்றும் இன்றும் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால். மூடியைக் கழற்றினேன், அவள் விட்டுப்போன பாதித் தாள் அப்படியே இருந்தது. இரண்டு விரலால் அடித்தேன். ஓர் எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் ஒரு சாம்ராஜ்யம் எழுந்து விழுந்துவிடும். இதையா அவள் இத்தனை வருஷம், நான் பேசுகிற வேகத்துக்கு அடித்தாள்?

எழுதியது இதுதான்: "வயதான அடிமையை விற்றுவிடச் சொன்னார். இது தவறு. அக்காலத்திலும் தவறுதான். தன்னோடு உழைத்துத் தேய்ந்தவர்களை வண்டியோடு சேர்த்து எண்ணியவர், ரோமாபுரியின் ஒழுக்கத்துக்குக் காவல் நின்றார். நான் இவரை நேசிக்கிறேன். இரண்டையும் சொல்லாமல் இவரைச் சொல்ல முடியாது."

சிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 15

லாதிஸ்போலி. கடற்கரைப் பெஞ்சில் நிஸ்பா, சால்வை போர்த்திக்கொண்டு, கடலை முறைத்தபடி. எர்சிலியா வீட்டில் தொலைக்காட்சி நாள் முழுக்க ஓடுகிறதாம், வெறும் பாட்டுப் போட்டி. "காத்து நல்லாருக்கு. மத்ததெல்லாம் தண்டனை" என்றாள்.

தாளைக் கொடுத்தேன். கடல்காற்று, நடுங்கும் கை. படிக்க முடியவில்லை. ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். இந்த முறை தெரியாத மாதிரி நடிக்கவில்லை. அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"எழுத்தெல்லாம் என்னைவிட மோசமா அடிச்சிருக்கே."

"ரெண்டு விரல்தான் அக்கா."

"ம். விஷயம் பரவால்ல." தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "போர்ல தன்னைச் சுமந்த குதிரையை ஸ்பெயின்லயே விட்டுட்டு வந்தாரே, கப்பல் செலவு மிச்சம்னு. அது?"

"அது... சிக்கனத்தின் சிகரம்னு ஏற்கெனவே அஞ்சாம் அத்தியாயத்துல..."

"அப்ப நான் வரல."

ரயிலேறித் திரும்பினேன். காட்டோவே! ஒரு குதிரைக்கு டிக்கெட் எடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும் உமக்கு?

மார்ச் 18

குதிரை எழுதியாயிற்று.

மார்ச் 22

மறுபடி லாதிஸ்போலி. குதிரை ஏற்கப்பட்டது. இடி இடித்தால் மட்டும் தழுவிய மனைவி? "அவ என்ன நெனச்சான்னு யாருக்கும் தெரியாதுன்னாவது எழுது." எழுதுகிறேன் என்றேன். கம்ப்யூட்டர் பெண்? வேண்டாம் என்று லன்ஃப்ராங்கியிடம் சொல்லிவிட்டேன், இனி நானே அடிக்கப்போகிறேன். அச்சுக் கோக்கிறவர் இன்னொரு கண்ணாடி வாங்கிக்கொள்ளட்டும்.

"நீ அடிக்கிறதா? அப்ப யாரு சொல்றது?"

"நீ பக்கத்துல உக்காந்து தப்பு சொல்லு. அதுதான் உனக்கு நல்லா வருமே."

நிஸ்பா எழுந்தாள். "எர்சிலியா! என் பெட்டி!" என்று கத்தினாள். பாட்டுப் போட்டியின் சத்தத்தில் எர்சிலியாவுக்குக் கேட்கவில்லை. நாங்களே போய் எடுத்துக்கொண்டோம்.

அந்தப் பெட்டியை ரயிலடி வரை நான் ஒருவனாகச் சுமந்தேன். ஹனிபாலின் யானைகளில் ஒன்றை மடித்து உள்ளே வைத்திருந்தாள்.

ஜூன் 2

புத்தகம் முடிந்தது. நிஸ்பா தப்பு சொன்ன இடங்களை எண்ணினால் புத்தகத்தைவிடப் பெரிய புத்தகம்.

செப்டம்பர் 20

அச்சாகி வந்தது. போம்பிலி படித்தான், படித்துத் தொலைத்தான். மூச்சிரைக்க மலையேறி வந்து நின்றான்.

"மாமா, இதை எப்படி விருந்தாளிங்ககிட்ட கொடுக்கறது? மகானைத் திருடன் மாதிரி எழுதியிருக்கீங்க!"

"திருடன் மாதிரி இல்ல. இந்த மாமா மாதிரி, நல்லதும் கெட்டதுமா எழுதியிருக்கான்" என்றாள் நிஸ்பா.

நகரசபை வாங்குவதாகச் சொன்ன பிரதிகள் ரத்து. பக்கத்து ஊர்க்காரர்கள் இப்போது, காட்டோ எங்கள் ஊரில் பிறக்கவே இல்லை, உங்களுடையவர்தான் என்று சொல்கிறார்களாம். எப்படியோ வழக்கில் ஜெயித்துவிட்டோம்.

நவம்பர் 9

திருவிழா. என் புத்தகத்துக்குப் பதிலாக விருந்தாளிகளுக்கு ஆளுக்கொரு முட்டைக்கோசு கொடுத்தார்கள். வெளியீட்டை நத்ஸரேனோ தன் பாரில் வைத்துக்கொண்டார். வந்தவர்கள் குறைவு, ஆனால் கேள்வி கேட்டார்கள். விற்கப்பட்ட அந்த அடிமை பிறகு என்ன ஆனார் என்று ஒரு பாட்டியம்மா கேட்டார். தெரியாது, யாரும் எழுதி வைக்கவில்லை என்றேன். அந்த அம்மா பிரதி வாங்கிக்கொண்டு போனார். இத்தனை புத்தகத்தில் என்னிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

நவம்பர் 16

இன்று காலை ஏழு மணிக்கே தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார வைத்துவிட்டாள். நிஸ்பா எனக்குப் பின்னால் கைகளைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு நடக்கிறாள், முன்பு நான் நடந்த அதே தடத்தில். அவள் சொல்கிறாள், நான் அடிக்கிறேன். ரயில்வே வேலைநிறுத்தங்களின் சரித்திரமாம். முதல் வாக்கியத்திலேயே மூன்று அமைச்சர்களைத் திட்டியாயிற்று.

"இந்த ஆட்களுக்கு ஒரு நல்ல குணமும் கிடையாதா அக்கா?" என்றேன்.

நின்றாள். யோசித்தாள். "ஒருத்தன் நல்லாப் பாடுவான். போடு அதையும்."

காபி இடைவேளையில் இந்த நோட்டை எடுத்தேன். புரட்டிப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. மார்ச் நான்காம் தேதி குதிரை வண்டி எதுவும் வரவில்லை. மலர்வளையம் முழங்கால் உயரம். சீசரைவிடப் பெரிய கூட்டம் என்றது எங்கள் கூடத்தில் அடங்குகிற கூட்டம். மூன்று பேர் மயங்கவில்லை, ஒருத்தி நாற்காலியில் வேகமாக உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே யாரும் போகவில்லை. அக்கா பேசியதையும் நான் இழைத்துச் செதுக்கித்தான் எழுதியிருக்கிறேன், அவள் இன்னும் மோசமாகத் திட்டினாள். இவ்வளவு புளுகில் ஒரே ஒரு சின்ன விஷயம் சத்தியமான உண்மை. லாதிஸ்போலியில் அந்தப் பெட்டியை ரயிலடி வரை நான்தான் தூக்கினேன்.

பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள்.

"பாதி தூரம்" என்கிறாள்.

சரி. பாதி தூரம்.